ராமானுஜனைக் கொன்றது எது? ஈரோட்டில் தொடங்கி சேத்துப்பட்டில் முடிந்த ஓர் உடலின் கதை

ராமானுஜன் என்றதும் எல்லோருக்கும் ஞாபகம் வருவது கணக்கு. 1729, லண்டன் டாக்சி, நாமகிரித் தாயார், கேம்பிரிட்ஜ், ஹார்டி. படமும் எடுத்தாச்சு. ஆனா 32 வயசுல அந்த மனுஷன் ஏன் செத்துப்போனார்னு கேட்டால், டிபி என்று ஒரே வார்த்தையில் கடந்துபோய்விடுகிறோம். அந்த ஒரு வார்த்தை சரிதானா என்பதே 1994-லிருந்து கேள்வியாக நிற்கிறது.

அவருடைய நோட்டுப் புத்தகங்களை உலகமே புரட்டிப் பார்த்துவிட்டது. அவருடைய உடம்புக்குள் நடந்ததை அந்த அளவுக்கு யாரும் பார்க்கவில்லை. இரண்டு வயதில் ஒரு முறை சாவை ஜெயித்த உடம்பு அது. முப்பது வருஷம் கழித்துத் தோற்றது. ரெண்டுக்கும் நடுவில் ஒரு பொதுவான விஷயம் இருக்கிறது: நம் ரத்தத்தில் சுற்றிக்கொண்டே இருக்கும் கொலைகாரச் செல்கள்.

ஈரோட்டில் பிறந்தவர்

1887 டிசம்பர் 22 அன்று ஈரோட்டில், அம்மா கோமளத்தம்மாளின் பிறந்த வீட்டில் ராமானுஜன் பிறந்தார். தாத்தா ஈரோடு முன்சீப் கோர்ட்டில் அமீனாவாக இருந்தவர். அப்போது ஈரோடும் திருப்பூரும் ஒரே கோயம்புத்தூர் மாவட்டம். ரயில் பாதை வந்துவிட்டது. பனியன் மெஷின் வர இன்னும் பல வருஷம் இருந்தது. அப்பா சீனிவாச ஐயங்கார் கும்பகோணத்தில் ஒரு ஜவுளிக்கடையில் கணக்கு எழுதுபவர். அதனால் குழந்தை வளர்ந்தது கும்பகோணத்தில், சாரங்கபாணி சன்னதித் தெருவில்.

1889 டிசம்பரில் குழந்தைக்கு அம்மை போட்டது. இன்றைக்கு நாம் சொல்லும் சின்னம்மை இல்லை, பெரியம்மை. தஞ்சாவூர் மாவட்டத்தில் அந்தக் காலகட்டத்தில் சுமார் 4,000 பேர் அதில் இறந்தார்கள். இரண்டு வயது ராமானுஜன் பிழைத்தார். முகத்தில் தழும்பு கடைசிவரை இருந்தது.

அதே வீட்டில் அதே அம்மா பெற்ற அடுத்த குழந்தை மூன்று மாதம்கூட இருக்கவில்லை. 1891-லும் 1894-லும் பிறந்த இரண்டும் முதல் பிறந்தநாளுக்கு முன்பே போய்விட்டன. ராமானுஜனுக்குப் பத்து வயது ஆனபோதுதான், பிழைத்து வளர்ந்த ஒரு தம்பி பிறந்தார். ஒரு குடும்பத்தில் நான்கு பிள்ளைகளில் ஒன்று தங்குவது அந்தக் காலத்தில் ஆச்சரியமான கணக்கு இல்லை.

சரி, பெரியம்மையிலிருந்து ஒரு குழந்தை எப்படிப் பிழைக்கிறது? மருந்து கிடையாது. மாரியம்மனுக்கு வேண்டிக்கொள்வார்கள், வேப்பிலை வைப்பார்கள், காத்திருப்பார்கள். உள்ளே உடம்பு தானே சண்டை போட வேண்டும்.

செக்கிங் டேபிளும் ஒரு ஓட்டையும்

வைரஸ் ரத்தத்தில் மிதக்கும்வரை அதைப் பிடிக்க ஆன்டிபாடிகள் இருக்கின்றன. அது ஒரு செல்லுக்குள் புகுந்துவிட்டால் ஆன்டிபாடி கிட்டப் போக முடியாது. அப்போது உடம்புக்கு இருக்கும் வழி கொஞ்சம் கொடூரமானது: வைரஸ் புகுந்த செல்லையே கொன்றுவிடுவது. அந்தச் செல்லும் நம்முடையதுதான். ஆனா அதை விட்டுவைத்தால் அது ஆயிரக்கணக்கில் வைரஸைத் தயாரித்து வெளியே அனுப்பும்.

எந்தச் செல்லைக் கொல்வது என்று எப்படித் தெரியும்? பனியன் கம்பெனியில் செக்கிங் டேபிளைப் பார்த்தவர்களுக்கு இது சட்டெனப் புரியும். நம் உடம்பின் செல்கள் ஏறக்குறைய எல்லாமே, தங்களுக்குள் என்னென்ன புரதம் தயாராகிறது என்பதற்குச் சின்னச் சின்னத் துண்டு சாம்பிள்களை வெளிப்பக்கம் மாட்டி வைக்கின்றன. கொல்லி டி செல் என்று அழைக்கப்படும் வெள்ளை அணு ஒவ்வொரு செல்லாகத் தடவிப் பார்த்துக்கொண்டே போகும். வழக்கமான சாம்பிள் என்றால் விட்டுவிடும். வைரஸின் துண்டு மாட்டியிருந்தால் அங்கேயே நிற்கும்.

சில வைரஸ்கள் உஷார். சாம்பிளையே மாட்டவிடாமல் தடுத்துவிடும். அதற்கும் ஆள் இருக்கிறது. இயற்கைக் கொல்லி செல் என்று இன்னொரு வகை. சாம்பிள் மாட்டாத செல்லைப் பார்த்தால் இதற்குச் சந்தேகம் வரும்.

கொல்லும் முறை ரெண்டுக்கும் ஒன்றுதான். கொல்லி செல்லுக்குள் குட்டிக் குட்டிப் பைகள் இருக்கும். இலக்கோடு ஒட்டியதும் அந்தப் பைகள் நகர்ந்து, ஒட்டிய இடத்தில் மட்டும் திறக்கும். முதலில் வெளிவருவது பெர்ஃபோரின் என்ற புரதம். பெயருக்கேற்ப அது செல்லின் சவ்வில் ஓட்டை போடும். அந்த ஓட்டை வழியாக கிரான்சைம்கள் உள்ளே போகும். மனிதர்களிடம் ஐந்து வகை கிரான்சைம்கள் உண்டு. எல்லாமே கத்திரிக்கோல் மாதிரி, புரதங்களைக் குறிப்பிட்ட இடத்தில் வெட்டுபவை. அதில் கிரான்சைம் பி என்பது செல்லுக்குள் ஏற்கெனவே தூங்கிக்கொண்டிருக்கும் தற்கொலை ஏற்பாட்டை எழுப்பிவிடும். செல் வெடித்துச் சிதறாது. தன்னைத்தானே துண்டு துண்டாக மடித்து, சத்தமில்லாமல் சாகும். கொல்லி செல் அடுத்ததைப் பார்க்கப் போய்விடும்.

கொல்லி டி செல்கள் சாம்பிளைப் பார்த்துத்தான் இலக்கைத் தேர்ந்தெடுக்கின்றன என்பதை ஆஸ்திரேலியாவின் கேன்பெராவில் பீட்டர் டோஹெர்ட்டியும் ரோல்ஃப் ஜிங்கர்நாகலும் 1970-களில் எலிகளிடம் கண்டுபிடித்தார்கள். 1996-ல் நோபல் பரிசு. கிரான்சைம்களுக்குப் பெயர் வைக்கப்பட்டது 1980-களில். கிரான்சைம் ஏ, பி இரண்டும் இல்லாத எலிகளுக்கு, பெரியம்மை வைரஸின் உறவான எலி அம்மை வந்தால் தாக்குப்பிடிக்க முடியாது என்பதும் பிற்பாடு தெரிந்தது. அந்த வைரஸ் குடும்பமும் சும்மா இல்லை. மாட்டம்மை வைரஸ், கிரான்சைம் பி-யின் கத்தியை மடக்கிவிடும் ஒரு புரதத்தையே தயாரித்து வைத்திருக்கிறது.

1889-ல் கும்பகோணத்துக் குழந்தையின் உடம்பில் எந்தச் செல் எதைச் செய்தது என்று இனி யாரும் அளக்க முடியாது. ஆனால் அம்மை வைரஸைத் துடைத்தெறிய இந்தப் படை தேவை. அந்த முறை படை ஜெயித்தது.

யாரும் கவனிக்காத ஒரு வயிற்றுப்போக்கு

அடுத்த இருபது வருஷக் கதை எல்லோருக்கும் தெரிந்தது. கும்பகோணம் டவுன் ஹைஸ்கூலில் பரிசு மேல் பரிசு. 1904-ல் அரசுக் கல்லூரியில் ஸ்காலர்ஷிப்போடு சேர்ந்து, கணக்கைத் தவிர எதையும் படிக்காமல் அதை இழந்தார். 1906-ல் சென்னை பச்சையப்பன் கல்லூரி. எஃப்.ஏ. பரீட்சையில் தேறவில்லை.

பச்சையப்பனில் படித்தபோது அவருக்கு வயிற்றுக்கடுப்பு வந்தது. ரத்தமும் சளியும் போகும் அந்தக் கடுப்புதான். சில மாதம் ஊரில் போய் இருந்து தேறினார். வாழ்க்கை வரலாறுகளில் இது ஒரு வரி, அவ்வளவுதான். இங்கிலாந்து கிளம்புவதற்கு முன் இப்படி இரண்டு முறை வந்திருக்கிறது. அந்தக் காலத்துச் சென்னையில் வயிற்றுக்கடுப்பு வராதவர் யார்? யாருக்கும் அது பெரிசாகப் படவில்லை. இந்த வரியைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

1909-ல் ஜானகியோடு கல்யாணம். பெண்ணுக்கு வயது பத்து. 1910 ஜனவரியில் விரைவீக்கத்துக்கு ஆபரேஷன். கையில் காசில்லாததால் ஒரு டாக்டர் இலவசமாகச் செய்துகொடுத்தார். 1912 மார்ச்சில் சென்னைத் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய்க்கு குமாஸ்தா வேலை. 1913 ஜனவரியில் ஹார்டிக்குக் கடிதம். 1914 மார்ச் 17 அன்று கப்பல்.

போய்ச் சேர்ந்த சில மாதத்தில் உலகப் போர் வெடித்தது. சுத்த சைவம், அதுவும் தானே சமைத்துச் சாப்பிடும் சைவம். போர்க்காலத்தில் காய்கறி, பழம், பால் கிடைப்பது கஷ்டம். ராத்திரி பகல் பார்க்காமல் வேலை செய்வார், அப்புறம் மணிக்கணக்கில் தூங்குவார். சமைக்க மறந்துவிடுவார். கேம்பிரிட்ஜில் வெயில் என்பது விருந்தாளி. இன்றைக்கு ஐடி கம்பெனியில் நைட் ஷிஃப்ட் பார்ப்பவர்களுக்கும் மெர்ச்சன்டைசிங்கில் ஷிப்மென்ட் நெருக்கடியில் இருப்பவர்களுக்கும் இந்த டைம்டேபிள் புதுசாக இருக்காது.

1917 வசந்தத்தில் உடம்பு படுத்தது. அதன்பிறகு இங்கிலாந்தில் இருந்த இரண்டு வருஷத்தில் பெரும்பகுதி நர்சிங் ஹோம், சானட்டோரியம்தான். மெண்டிப் மலை, மேட்லாக், லண்டன், கடைசியாகப் புட்னி. டாக்சி நம்பர் கதை நடந்ததும் அந்தப் புட்னி நோய்ப் படுக்கையில்தான். அதைச் சொல்பவர்கள் படுக்கையை விட்டுவிடுகிறார்கள்.

டாக்டர்கள் என்ன சொன்னார்கள்? முதலில் வயிற்றுப்புண் என்று சந்தேகம். அப்புறம் காசநோய். நடுவில் ஒரு நிபுணர் கல்லீரலைத் தொட்டுப் பார்த்து, பழைய ஆபரேஷன் இடத்திலிருந்து பரவிய புற்றுநோயாக இருக்குமோ என்று நினைத்தார். பிறகு நாளாக ஆக அது இல்லை என்று ஆனது. ராத்திரியானால் காய்ச்சல், உடம்பு இளைத்துக்கொண்டே போனது. காசநோய் என்ற லேபிள் ஒட்டிக்கொண்டது.

அப்போது காசநோய்க்கு மருந்து கிடையாது. ஸ்ட்ரெப்டோமைசின் கண்டுபிடிக்கப்பட இன்னும் கால் நூற்றாண்டு இருந்தது. நல்ல காற்று, ஓய்வு, சத்தான சாப்பாடு, இதுதான் சிகிச்சை. நல்ல காற்று என்றால் குளிரில் ஜன்னலைத் திறந்துவைத்துப் படுப்பது. கும்பகோணத்துக்காரருக்கு அது எப்படி இருந்திருக்கும்! சாப்பாடோ அவர் வாயில் வைக்க முடியாதது. 1918 தொடக்கத்தில் மனம் உடைந்து, உயிரை விடவும் முயன்றார், காப்பாற்றப்பட்டார். அதே ஆண்டில்தான் ராயல் சொசைட்டி ஃபெல்லோ பதவியும் டிரினிட்டி கல்லூரி ஃபெல்லோ பதவியும் வந்தன.

டிபி என்றால் உள்ளே என்ன நடந்திருக்கும்?

டாக்டர்கள் சொன்னது சரி என்றே வைத்துக்கொள்வோம்.

காசநோய்க் கிருமி ஒரு விசித்திரமான எதிரி. நம் உடம்பில் கிருமிகளை விழுங்கிச் செரிக்கும் பெருவிழுங்கிச் செல்களுக்குள்ளேயே அது குடித்தனம் நடத்தும். போலீஸ் ஸ்டேஷனிலேயே ரூம் எடுத்துத் தங்குகிற திருடன் மாதிரி. உடம்பு அந்தச் செல்களைச் சுற்றி ஒரு வேலி கட்டும். வேலி பலமாக இருக்கும்வரை கிருமி உள்ளே தூங்கும். கிருமி தொற்றியவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு ஆயுசுக்கும் நோய் வராமல் இருப்பது இதனால்தான்.

வேலியைக் காவல் காப்பதில் டி செல்களுக்கு முக்கியப் பங்கு. கொல்லி டி செல்களின் பைகளில் பெர்ஃபோரின், கிரான்சைம் தவிர இன்னொரு ஆயுதமும் இருப்பது 1990-களில் தெளிவானது. பெயர் கிரானுலைசின். பெர்ஃபோரின் போட்ட ஓட்டை வழியாக உள்ளே போய், செல்லுக்குள் ஒளிந்திருக்கும் காசநோய்க் கிருமியையே நேரடியாகத் தாக்கி, அதன் சவ்வைக் கிழிக்கும். இது எலிகளுக்குக் கிடையாது. எலியை வைத்தே பெரும்பாலான ஆராய்ச்சி நடப்பதால் இதன் அருமை தெரிய நாளாயிற்று.

இந்தப் படைக்குச் சோறு வேண்டும். புரதச் சத்து குறைந்தால் டி செல்களின் எண்ணிக்கையும் வேகமும் குறையும். வெயில் படாமல் வைட்டமின் டி குறைந்தால், பெருவிழுங்கிச் செல்கள் உள்ளே இருக்கும் கிருமியைக் கொல்லும் திறனும் மங்கும். ராமானுஜனுக்கு இரண்டும் நடந்திருக்க எல்லா வாய்ப்பும் இருந்தது. காசநோய்தான் என்றால், வேலி சரிந்ததற்குக் காரணம் தேடி ரொம்ப தூரம் போக வேண்டியதில்லை.

இன்னொரு பக்கமும் உண்டு. இந்தப் படை எப்போதும் நல்லது மட்டும் செய்வதில்லை. ஹெபடைட்டிஸ் பி-யில் கல்லீரலைக் கெடுப்பது பெரும்பாலும் வைரஸ் இல்லை, அதைத் தேடி வரும் கொல்லி செல்கள்தான். சின்ன வயசிலேயே வரும் டைப் 1 சர்க்கரை நோயில் இவை இன்சுலின் தயாரிக்கும் செல்களையே ஆள் தெரியாமல் கொல்கின்றன. கிரான்சைம் பி செல்லுக்கு வெளியே கசிந்தால், செல்களைச் சேர்த்துக் கட்டிவைத்திருக்கும் இழைகளையும் வெட்டும். அதற்காகப் படையே வேண்டாம் என்றும் சொல்ல முடியாது. பெர்ஃபோரின் மரபணு பழுதோடு பிறக்கும் குழந்தைகளுக்கு, வேலை முடியாமலே கத்திக்கொண்டிருக்கும் நோயெதிர்ப்புச் செல்களால் உடம்பு முழுக்க அழற்சி பரவி உயிருக்கே ஆபத்தாகிறது.

கொடுமுடியில் ஒரு கோடை

1919 மார்ச் 27 அன்று ராமானுஜன் பம்பாயில் இறங்கினார். கொஞ்ச நாள் சென்னை. பிறகு கோடைக்கு, பிறந்த ஈரோட்டுக்குப் பக்கத்தில் காவிரிக்கரையில் இருக்கும் கொடுமுடிக்கு வந்து தங்கினார். உலகம் கொண்டாடும் ஃபெல்லோ, எலும்பும் தோலுமாக. வருஷக்கணக்கில் பிரிந்திருந்த ஜானகி இப்போது பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டார். ஒத்தடம் கொடுப்பதும் கஞ்சி கொடுப்பதும் அவர்தான்.

பிறகு கும்பகோணம். 1920 தொடக்கத்தில் மறுபடி சென்னை, சேத்துப்பட்டு. காசநோய் நிபுணரான டாக்டர் பி.எஸ். சந்திரசேகர ஐயர் பார்த்தார். படுத்துக்கொண்டே கணக்குப் போட்டார். மாக் தீட்டா சார்புகள் என்று இன்றைக்குக் கருந்துளை ஆராய்ச்சிவரை பேசப்படும் விஷயத்தை ஹார்டிக்கு எழுதியது 1920 ஜனவரியில். கணக்குப் போட்ட தாள்களை எடுத்து எடுத்து வைத்தவரும் ஜானகிதான். ஏப்ரல் 26 காலையில் எல்லாம் முடிந்தது.

1994: இன்னொரு கொலையாளி

டி.ஏ.பி. யங் என்ற ஆய்வாளர், கிடைத்த மருத்துவக் குறிப்புகள், கடிதங்கள், அறிகுறிகள் எல்லாவற்றையும் ஒன்றுசேர்த்துப் படித்து, 1994-ல் ராயல் சொசைட்டியின் ஆய்விதழில் ஒரு கட்டுரை எழுதினார். அவர் முடிவு: காசநோய் இல்லை. கல்லீரலில் அமீபா.

அந்த ஒரு வரி ஞாபகம் இருக்கிறதா? 1906-ல் வந்த வயிற்றுக்கடுப்பு. சரியாகக் குணமாகாத அமீபா வயிற்றுக்கடுப்பு, ஆள் தேறிவிட்டார் என்று எல்லோரும் நினைத்தபிறகும் குடலில் வருஷக்கணக்கில் ஒளிந்திருக்கும். பிறகு ஒரு நாள் ரத்தக்குழாய் வழியாகக் கல்லீரலுக்கு ஏறும். விட்டு விட்டு வரும் காய்ச்சல், இளைப்பு, கல்லீரல் பக்கம் வலி. புற்றுநோயோ என்று ஒரு நிபுணரைக் கல்லீரலைப் பார்க்கவைத்தது எது என்பதற்கு இதில் ஒரு பதில் இருக்கிறது.

இந்த அமீபாவின் அறிவியல் பெயர் என்டமீபா ஹிஸ்டோலிட்டிகா. ஹிஸ்டோலிட்டிகா என்றால் திசுவைக் கரைப்பது. மாசுபட்ட தண்ணீர், கழுவாத காய் வழியாக வயிற்றுக்குள் வரும். இது மனிதச் செல்லைக் கொல்லும் விதத்தைப் பார்த்தவர்கள் அசந்துபோனார்கள். 2014-ல் வெளிவந்த ஓர் ஆய்வில், அமீபா மனிதனின் டி செல்லை உயிரோடு இருக்கும்போதே வாய் வாயாகக் கடித்துத் தின்பது தெரிந்தது. செல் செத்தபிறகு சீந்தவில்லை.

அதைவிட விசித்திரம் இது. அமீபாவிடம் அமீபாபோர் என்று ஒரு புரதம் இருக்கிறது. சவ்வில் ஓட்டை போடுவதுதான் அதன் வேலை. தான் விழுங்கும் குடல் பாக்டீரியாக்களைக் கொல்ல அமீபா அதைப் பயன்படுத்துகிறது; மனிதச் செல்லையும் அதால் ஓட்டை போட முடியும். அதன் அமைப்பைப் பிரித்துப் பார்த்தபோது, நம்முடைய கொல்லி செல்கள் காசநோய்க் கிருமிமேல் வீசும் கிரானுலைசினும் அதுவும் ஒரே புரதக் குடும்பம் என்று தெரியவந்தது. ஒரே பட்டறையில் அடித்த இரண்டு கத்தி மாதிரி. ஒன்று நம் பக்கம், இன்னொன்று எதிரி பக்கம்.

ஆக ராமானுஜன் சாவில் இரண்டு வாதம். காசநோய் என்றால், கத்தி அவர் கையில் இருந்தும் அதைச் சுழற்றச் சத்தில்லாமல் தோற்றார். அமீபா என்றால், அதே ஜாதிக் கத்தி எதிரியின் கையில் இருந்தது.

யங் சொல்வதில் வலிக்கிற இடம் வேறு. காசநோய்க்கு 1918-ல் மருந்தில்லை. அமீபாவுக்கு இருந்தது. கல்கத்தாவில் லியோனார்ட் ரோஜர்ஸ், இப்பிகாக் வேரிலிருந்து எடுத்த எமட்டினை ஊசியாகப் போட்டு அமீபா நோயைக் குணப்படுத்த முடியும் என்று 1912-லேயே காட்டிவிட்டார். போரில் இந்த நோய் வந்த பிரிட்டிஷ் சிப்பாய்கள் அதே காலத்தில், அதே இங்கிலாந்தில் குணமாகிக்கொண்டிருந்தார்கள். ஸ்கேன் இல்லாத காலம் என்பதால் கல்லீரலில் ஒளிந்திருக்கும் அமீபாவைக் கண்டுபிடிப்பது கஷ்டம் என்பதும் நியாயமே. ஆனாலும் காசநோய் என்ற லேபிள் ஒட்டியபிறகு வேறு பக்கம் யாரும் அழுத்தமாகத் தேடவில்லை.

யங் சொன்னதே கடைசித் தீர்ப்பு என்று எடுத்துக்கொள்ளவும் முடியாது. கடைசி வருஷம் கூடவே இருந்து பார்த்த இந்திய டாக்டர்களும் காசநோய் என்றே நம்பினார்கள். உடம்பு அன்றைக்கே எரிந்துவிட்டது. திசு இல்லாமல் சோதனை இல்லை. சத்துக்குறைவு மட்டும் இரண்டு பக்கமும் ஒப்புக்கொள்ளும் உண்மை.

அதே சேத்துப்பட்டு

அவர் இறந்து 36 ஆண்டு கழித்து, 1956-ல் சென்னையில் காசநோய் மருந்தாய்வு மையம் தொடங்கியது. இன்றைய பெயர் தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம். இருப்பது அதே சேத்துப்பட்டில். சானட்டோரியத்தில் படுக்கவைத்து மருந்து கொடுப்பதும், ஏழை நோயாளிகள் தங்கள் நெருக்கடியான வீட்டிலேயே இருந்து மருந்து சாப்பிடுவதும் ஏறக்குறைய ஒரே பலன் தருகின்றன என்று 1959-ல் அது காட்டியது. உலகம் முழுக்க சானட்டோரியங்கள் மூடப்பட்டதற்கு அந்த ஆய்வு ஒரு பெரிய காரணம். குளிரில் ஜன்னலைத் திறந்துவைத்துப் படுக்க வேண்டிய அவசியம் யாருக்கும் இல்லாமல் போனது.

அதே நிறுவனம் பங்கெடுத்த இன்னொரு ஆய்வு ஜார்க்கண்டில் நடந்து 2023-ல் வெளியானது. காசநோயாளிகளின் வீட்டில் இருப்பவர்களுக்குக் கூடுதலாகத் தானியமும் பருப்பும் சத்து மாத்திரையும் கொடுத்தார்கள். அவர்களுக்குப் புதிதாகக் காசநோய் வருவது 39 சதவீதம் குறைந்தது. ஊசி இல்லை, புது மருந்து இல்லை. அரிசி பருப்புதான்.

இந்த இடத்தில் திருப்பூருக்கு வந்தாக வேண்டும். ஜார்க்கண்ட், ஒடிசா, பீகாரிலிருந்து வந்து, பவர் டேபிளிலும் ஓவர்லாக்கிலும் உட்கார்ந்திருக்கும் இளைஞர்கள் ஒரே அறையில் நான்கைந்து பேராகத் தங்குகிறார்கள். ஓவர்டைம் முடிந்து சமைக்கத் தெம்பில்லாமல் படுத்துவிடும் ராத்திரிகள் உண்டு. காற்றோட்டம் இல்லாத அறையும் அரை வயிறும் காசநோய்க்குப் பிடித்தமானவை. உலகக் காசநோயாளிகளில் ஏறக்குறைய கால்வாசிப் பேர் இந்தியாவில். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல், சாயங்காலக் காய்ச்சல், காரணமில்லாமல் எடை குறைவது, இதில் எது இருந்தாலும் அரசு மருத்துவமனையில் சளிப் பரிசோதனை இலவசம். மருந்தும் இலவசம். வழக்கமான வகைக்கு ஆறு மாதம். சாப்பாட்டுக்கென்று மாதம் 1,000 ரூபாய் வங்கிக் கணக்கில் வரும். சளியில் ஒன்றும் இல்லை, காய்ச்சல் மட்டும் விடவில்லை என்றால் அங்கேயே நிறுத்திவிடாமல், வயிற்றை ஒரு ஸ்கேன் எடுக்க முடியுமா என்று டாக்டரிடம் கேட்கலாம். கல்லீரல் அமீபாவுக்கு இன்றைக்கு மெட்ரோனிடசோல் மாதிரி சாதாரண மாத்திரைகளே போதுமானதாக இருக்கின்றன.

2022-லிருந்து தமிழ்நாட்டில் காசநோய் இறப்பில்லாத் திட்டம் நடக்கிறது. நோய் உறுதியானதும் நர்ஸ் சில சின்ன விஷயங்களைப் பார்ப்பார். உயரத்துக்கேற்ற எடை இருக்கிறதா, ரத்தத்தில் ஆக்சிஜன் எவ்வளவு, கால் வீங்கியிருக்கிறதா, பிடிமானம் இல்லாமல் நிற்க முடிகிறதா. மோசமாக இளைத்தவர்களை உடனே வார்டில் சேர்க்கிறார்கள், சத்துணவோடு. கொடுமுடியில் வந்து இறங்கிய அந்த மனிதரை இந்தப் பட்டியலோடு ஒருவர் பார்த்திருந்தால், முதல் கேள்வியிலேயே வார்டுக்கு அனுப்பியிருப்பார்.

ஜானகிக்கு அப்போது 21 வயது. கணவர் போனபிறகு பம்பாயில் அண்ணன் வீட்டுக்குப் போய்த் தையல் கற்றுக்கொண்டார். சென்னைக்குத் திரும்பி திருவல்லிக்கேணியில் ஒரு வீட்டில் தையல் மெஷின் போட்டு, தைத்துக் கொடுத்தும் மற்றவர்களுக்குத் தையல் சொல்லிக் கொடுத்தும் பல பத்தாண்டுகள் பிழைப்பை நடத்தினார். யங்கின் கட்டுரை வெளிவந்த அதே 1994-ல், ஏப்ரல் மாதம் இறந்தார்.